ஒரே பக்கத்தில் மூன்று கர்சர்கள்

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் கூகுள் டாக்ஸில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து குறுநாவல் எழுதுகிறோம். ஒருவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இன்னொருவர் திருத்திவிடுகிறார். கதை சவசவவென்று வருகிறது. அத்தியாயங்களைப் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். தனித்தனியாக எழுதி ஒட்டுவதற்கு இந்தக் கருவியே தேவையில்லை. உங்கள் சிக்கல் திருத்தம் வரும் நேரத்தில்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிழவி வாசலுக்கு வரும் காட்சி. நண்பர் ‘அவள் தாழ்ப்பாளைத்’ என்று தட்டிவிட்டு யோசித்தார். கர்சர் மினுங்கிக்கொண்டே நின்றது. அதற்குள் இன்னொருவர் ‘திறந்தாள்’ என்று முடித்துவிட்டார். முதலாமவர் நினைத்திருந்ததோ, ‘தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்’. அந்தக் கிழவியின் மொத்தக் குணமும் அதில் இருந்தது. போயிற்று!

ஒரே பத்தியில் பலர் தட்டினாலும் எழுத்துகள் குழம்பாததற்கு 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த முறை ஓர் அடிப்படை. நீங்கள் முன்னால் ஒரு சொல்லை நுழைத்தால், பின்னால் நண்பர் செய்யும் திருத்தத்தின் இடத்தைக் கணினி அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளும். எழுத்து இருக்கும் இடத்தை அது காப்பாற்றும். எழுதுகிறவர் மனதில் இருப்பதை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் ஒருவருடைய கர்சர் நிற்கும் பத்தியை அன்றைக்கு மற்றவர்கள் தொடவே கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால் ஓரத்தில் கருத்தாகப் போடுங்கள்.

அப்புறம், பாத்திரங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கிழவி பேசுவதை ஒருவர், மகன் பேசுவதை இன்னொருவர், சூழலை மூன்றாமவர். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று தெரியாமலே மகன் பதில் சொல்ல வேண்டிவரும். இந்த எழுத்துமுறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தனியாக எழுதும்போது அந்தத் தடுமாற்றத்தை நாமே செய்துகாட்ட வேண்டியிருக்கும். இங்கே அது தானாக வந்துவிடுகிறது.

கடைசித் திருத்தம் மட்டும் ஒரே ஆள் கையில் இருக்கட்டும். குரல் ஒன்றாவது அப்போதுதான். கூகுள் டாக்ஸ் மாதிரியே பலர் சேர்ந்து எழுத உதவும் ஈதர்பேடில் எழுதினால் ஆளுக்கொரு நிறம் தெரியும். அந்த நிறங்களை நீக்கிவிட்டுப் படியுங்கள். இல்லையென்றால் கண் கதையை விட்டுவிட்டு ஆளைத் தேடும்.

கேள்வி: எத்தனை பேர் வரை சேரலாம்?

பதில்: கூகுள் டாக்ஸ் ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்த விடும். கதைக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. 2007-இல் பெங்குவின் பதிப்பகம் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு விக்கி நாவலைத் திறந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைவைத்தார்கள்; ஒருவர் கதை நெடுக வாழைப்பழங்களை நுழைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதாக ஒருவர் ஆசையோடு வந்தால் அவருக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். எழுதாமல் படிக்கிற ஒருவர் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.