சேவை மனப்பான்மை இருந்தால் சிறப்பாசிரியர் பணியில் மனநிறைவு கிடைக்குமா?

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்க எண்ணும் நீங்கள், சேவை மனப்பான்மை ஒன்றே இப்பணியில் நிறைவு தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இராமநாதபுரம் கடற்கரையில், வட்டாரத்துப் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் வட்டார வள மையம் ஒன்றின் சிறப்புப் பயிற்றுநராகச் சொல்கிறேன்: அது மட்டும் போதாது.

உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் மனித விழுமியங்களைப் பத்தாக வகுத்தார். பிறர்நலம் பேணுதல், சுயமாக முடிவெடுத்தல், சாதித்தல், பாதுகாப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். இத்துறைக்கு வருவோரிடம் பிறர்நலம் அநேகமாக இருக்கும். நிறைவைத் தீர்மானிப்பவை, நான் பார்த்தவரை, அடுத்த இரண்டுமே.

பாம்பன் பக்கம் வீட்டுவழிக் கல்வி பெறும், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுவனுக்குத் தானே சோற்றை எடுத்து உண்ணப் பழக்கினோம். தாய் பாசி எடுக்கக் கடலுக்குப் போய்விடுவார், சோறு சிந்துவதைக் காணப் பொறுக்காத பாட்டி, "பச்சப்புள்ளைய ஏன் டீச்சர் இப்படிப் படுத்துறீங்க?" என்றபடி ஊட்டிவிடுவார். அவருடைய பரிவில் குறையே இல்லை. ஆனால் அந்தப் பரிவுதான் பயிற்சிக்குத் தடையாக நின்றது. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கியதும் தந்தை வீட்டிலிருப்பார் என்பதால், உணவுப் பயிற்சியை அவர் பொறுப்புக்கு மாற்றினேன். மேலிடத்துப் படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை. அவ்வாறு முடிவெடுக்க இடம் கிடைக்கும் ஆசிரியரும், பையன் கரண்டியைச் சரியாகப் பிடிப்பதையே சாதனையாக எண்ணத் தெரிந்த ஆசிரியரும் இங்கே நிலைக்கிறார்கள். இரக்கத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் விரைவில் சலித்துப் போகிறார்கள்.

பாதுகாப்பு என்னும் விழுமியத்தைப் பெரிதாக மதிப்பவருக்கு இப்பணி கடினமானது. எங்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருக்கிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. செவித்திறன் குறைபாட்டில் பயிற்சி பெற்றவரோ எல்லா வகைக் குழந்தைகளையும் பார்க்க நேர்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியர் ஒருவர், உயர்தொடக்க வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022-இல் மத்திய அரசு விகிதம் வகுத்தபோதும், ஊர் ஊராகச் சுற்றும் பயிற்றுநருக்கு அந்தக் கணக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. "சேவைதானே" என்று சொல்லி ஊதியக் கோரிக்கையை ஒதுக்குவது (இதை எத்தனையோ மேடைகளில் கேட்டாயிற்று) அநியாயம். நிறைவாகப் பணிபுரிபவருக்கும் வீட்டு வாடகை உண்டு.

ஆகவே, சேரும் முன் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்புதானா என்று பாருங்கள். அதன் பதிவு இல்லாமல் இத்துறையில் பணியாற்ற இயலாது. அருகிலுள்ள வட்டார வள மையத்தின் பயிற்றுநர் ஒருவருடன் சில நாள் வீடுவீடாகச் சென்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.