பதில்: கேரவனின் கறுப்பு டேங்க் (கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டி) காலியாகவில்லை, கழிவு ஹோஸ் மூட்டில் ஒழுகுகிறது

முகாமில் நிற்கும்போது கறுப்பு டேங்க் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறீர்களே, வினையே அதுதான். தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது கழிப்பறைக் குழாய்க்கு நேர் கீழே குவிந்து இறுகிவிடும். வால்வை மூடி, முக்கால் டேங்க் தண்ணீர் நிரப்பி, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். முடிந்தால் வண்டியைக் கொஞ்சம் ஓட்டுங்கள், குலுங்கினால் கரையும். இனி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகே திறங்கள். கறுப்பு டேங்க் முதலில், சாம்பல் டேங்க் (குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேர்வது) பிறகு. அந்தச் சோப்புத் தண்ணீர் ஹோஸையும் அலசிவிடும்.

ஒழுகலுக்காகப் புது ஹோஸ் வாங்க ஓடாதீர்கள். மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் மடிந்தோ வெடித்தோ இருக்கும், பெரும்பாலும் அதுதான். மாட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கொக்கி ஒன்று மாட்டாமல் இருந்தாலும் வெளியே பார்க்கத் தெரியாது. ஹோஸ் நடுவில் தொய்யாமல் சரிவு கொடுங்கள். கையுறை கட்டாயம். குடிநீர் பிடிக்கும் ஹோஸால் இந்தக் கழிவு ஹோஸைக் கழுவிவிடாதீர்கள், சாமி!