துரியோதனனைப் பற்றி அதிகம் பேசப்படாத கதைகள் எவை?

எங்கள் தர்மபுரிப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு அவன் வெறும் வில்லன் இல்லை. கூத்தின் கடைசி நாள் போர்க்களக் காட்சியான படுகளத்தன்று மண்ணால் பெரிய உருவமாக அவனைப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். ஆனால் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கும்போது பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அந்தப் பெயர் வியாசரிடம் இல்லை, கூத்தில் உண்டு.

கேரளத்தில், கொல்லம் மாவட்டம் பொருவழியில் அவனுக்கே கோயில் இருக்கிறது, மலநடா. பாண்டவர்களைத் தேடி வந்தவன், தாகத்தில் குறவர் குல மூதாட்டி கொடுத்த கள்ளைக் குடித்தானாம். அப்புறம் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்துக் குலம் தெரிந்தும் முகம் சுளிக்கவில்லை. அந்த மக்களுக்கு நிலம் எழுதி வைத்தானாம். எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். இன்றும் அங்கே சிலை கிடையாது, கள் படைக்கிறார்கள்.