ஸ்பிரிங்கை மாற்றினால் ஸ்டியரிங் சரியாகாது

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் பன்னிரண்டு சக்கர டாரஸ் லாரியைப் பார்த்து, லெகோ மாதிரியான பிளாஸ்டிக் கட்டைகளில் ரிமோட் லாரி ஒன்று கட்டியிருக்கிறான். பள்ளிக் கண்காட்சியில் வைக்கப் போகிறான். காலியாக ஓடும்போது நன்றாக இருக்கிறது. ஒரு கிலோ அரிசிப் பையை வைத்தால் முன் சக்கரங்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்துகொள்கின்றன. மேடு பள்ளத்தில் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. திருப்பும்போது இரண்டாவது ஆக்சில் சக்கரங்கள் தரையைத் தேய்க்கின்றன. பாகங்கள் வாங்கித் தரும் ஒருவர், ஹார்டு ஸ்பிரிங் எட்டும் பெரிய மோட்டார் ஒன்றும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன். (நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறில் ஒன்றுகூட ஸ்பிரிங்கால் வந்ததில்லை, மோட்டாரால் வந்ததும் இல்லை. எந்தக் கம்பி எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பதால் வந்தவை. ஓட்டையை மாற்றக் காசு செலவாகாது. அதனால்தான் விற்பவர் யாரும் அதைச் சொல்வதில்லை.

விரியும் சக்கரத்தை முதலில் பார்ப்போம். உங்கள் படத்தில் ஸ்டியரிங் ரேக், அதாவது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பற்பட்டை, மேலே சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இருக்கிறது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் சாய்வாகக் கீழே இறங்கி, ஆக்சிலுக்கு முன்புறமாகச் சக்கரக் கைகளை (சக்கரத்தைத் திருப்பும் குட்டை நெம்புகோல்களை) பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கம்பியும் நான்கு ஓட்டை நீளம். இந்தக் கட்டைகளில் ஓட்டைக்கு ஓட்டை 8 மி.மீ., ஆக 32 மி.மீ. மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் ஒரு ஓட்டை உயர வித்தியாசம் இருப்பதால், சாய்ந்து நிற்கிற கம்பி பக்கவாட்டில் பிடிக்கும் இடம் 31 மி.மீ.தான். அரிசிப் பையை வைத்ததும் சேஸ் அமுங்குகிறது, கம்பி படுக்கிறது, முழு 32 மி.மீ. இடம் கேட்கிறது. அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போகும்? சக்கரக் கையைத்தான் வெளியே தள்ளும். கை 16 மி.மீ. நீளம் என்றால் சக்கரம் மூன்றரை டிகிரி திரும்பிவிடும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் இது நடப்பதால் சக்கரம் விரிகிறது. ஒரு பக்கம் மட்டும் மேட்டில் ஏறினால் ஒரு பக்கக் கம்பி மட்டும் தள்ளுகிறது. நீங்கள் சொல்லும் ‘தானாக இழுப்பது’ அதுதான். இரண்டும் ஒரே நோய்.

ஹார்டு ஸ்பிரிங் போட்டால் சேஸ் குறைவாக அமுங்கும், விரிவதும் குறையும். ‘பார்த்தீர்களா சார், சரியாகிவிட்டது’ என்பார் விற்பவர். இரண்டு கிலோ வையுங்கள், பழையபடி விரியும். இதற்கு நடுவே காலி வண்டி மேடு பள்ளத்தில் கட்டை மாதிரி குதிக்கும். சஸ்பென்ஷன் வைத்ததே வீண்.

நிஜ லாரியில் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பையனை அழைத்துப் போய்க் காட்டுங்கள். நீடாமங்கலத்தில் இருப்பவருக்கு ரயில்வே கேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கேட் போட்டால் லாரிகள் எத்தனை நேரம் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நெரிசலில் பையனைக் குனிய விடாதீர்கள். மூட்டை இறக்கக் காத்திருக்கும் லாரியாகப் பார்த்து, டிரைவரிடம் கேட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முன் ஆக்சில் ஒரே இரும்பு உத்தரம். அதன் மேல் சேறு அப்பிய பட்டை ஸ்பிரிங். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்க்கிற டை ராடு அந்த ஆக்சிலோடு ஆக்சிலாக, அதற்கு இணையாகவே ஓடும். சேஸ் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. அதனால் லோடு ஏற்றினால் சக்கரம் விரியாது.

நீங்களும் அதையே செய்யுங்கள். ரேக்கைச் சேஸிலிருந்து கழற்றி ஆக்சில் சட்டத்திலேயே மாட்டுங்கள். இரண்டு சக்கரமும் ரேக்கும் கம்பிகளும் ஒரே சட்டத்தில். அந்தச் சட்டத்தை நடுவில் ஒரே ஒரு முளையில், வண்டியின் நீளவாக்கில், சேஸோடு கோத்துவிடுங்கள். இடமும் வலமுமாகத் தாராளமாக ஆடட்டும். எடை நேராக முளையில் இறங்குவதால் அமுங்குவதற்கே ஒன்றும் இல்லை. ஸ்டியரிங் தண்டு அந்த முளையின் கோட்டிலேயே வரவேண்டும், இது முக்கியம். ரேக்கை நகர்த்தும் பல்சக்கரம் 8 பல் உள்ள சிறியதாக இருக்கட்டும். இந்தக் கட்டைகளில் எத்தனை பல்லோ, ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்று கணக்கு. ஆக்சில் 10 டிகிரி சாய்ந்தால் 8 பல் சக்கரத்தில் ரேக் 0.7 மி.மீ. நகரும். 24 பல் போட்டால் 2 மி.மீ.க்கு மேல் போய்விடும், திரும்பவும் தானாக இழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் உங்கள் சர்வோ மோட்டார் இரு பக்கமும் 90 டிகிரி திரும்பும் வகை. 8 பல் சக்கரம் கால் சுற்றில் ரேக்கை 6 மி.மீ.க்குச் சற்று மேலே நகர்த்தும். 16 மி.மீ. கையில் அது சுமார் 23 டிகிரி. லாரிக்குப் போதும்.

அடுத்து இரண்டாவது ஆக்சில் தேய்ப்பது. நீங்கள் எழுதிய அளவுப்படி, பின்புற இரட்டை ஆக்சில்களின் நடுவிலிருந்து முதல் ஆக்சில் 42 ஓட்டை, இரண்டாவது 28 ஓட்டை தூரம். திரும்பும்போது வண்டி அந்தப் பின்புற நடுவைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். பக்கத்தில் இருக்கும் ஆக்சில் குறைவாகத் திரும்ப வேண்டும், தூரத்தில் இருப்பது அதிகமாக. உங்கள் கணக்கில் மூன்றுக்கு இரண்டு. பையன் இரண்டையும் ஒரே அளவு திருப்பியிருக்கிறான். தேய்க்காமல் என்ன செய்யும்? தீர்வு சின்னது. இரண்டு ரேக்குக்கும் அதே தண்டு, அதே 8 பல் சக்கரம். முதல் ஆக்சிலில் சக்கரக் கை இரண்டு ஓட்டை நீளம், இரண்டாவதில் மூன்று ஓட்டை. முதலாவது 23 டிகிரி திரும்பும்போது இரண்டாவது 15 டிகிரி திரும்பும். வளைவின் உள் பக்கச் சக்கரம் வெளிப் பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் திரும்ப வேண்டும், அந்த வித்தியாசத்தை இந்த வண்டியில் விட்டுவிடுங்கள்.

சரியா என்று பார்க்க வாசலில் கோலமாவை மெல்லிசாகத் தூவி, வண்டியைத் திருப்பிய நிலையில் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். டயரின் வரி மாவில் பிசிறில்லாமல் விழுந்தால் உருள்கிறது. வரி அழிந்து மாவு ஒரு பக்கமாக ஒதுங்கினால் தேய்க்கிறது. பின் சக்கரங்கள் கொஞ்சம் தேய்க்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எல்லாச் சக்கரமும் ஒரே மையத்தைச் சுற்ற வேண்டும் என்கிற இந்த ஏற்பாட்டுக்கு ஆக்கர்மேன் என்று பெயர். கண்டுபிடித்தவர் அவரில்லை. மியூனிக்கில் வண்டி கட்டிய லாங்கன்ஸ்பெர்கர் 1817இல் செய்தது. இங்கிலாந்தில் அவருக்கு ஏஜென்ட்டாக இருந்து 1818இல் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மேன். அப்போதே பெயர் தரகருக்குத்தான் போயிருக்கிறது.

‘அப்படியானால் ஸ்பிரிங்கே வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். ஒரே ஓர் இடத்தில் வேண்டும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். முன்னால் இரண்டு ஆக்சிலையும் சேஸில் அசையாத முளையில் கோத்துவிட்டால், வாசற்படியில் முதல் ஆக்சில் ஏறியவுடன் இரண்டாவது ஆக்சில் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் சக்கரம் திருப்பத்துக்கு உதவாது. ஆகவே முதல் ஆக்சில் மட்டும் அசையாத முளையில். இரண்டாவது ஆக்சிலின் முளையை, 8 ஓட்டை நீளமுள்ள ஒரு கையின் முனையில் வையுங்கள். கையின் மறுமுனை முதல் ஆக்சிலுக்குச் சற்றுப் பின்னால் சேஸில் கீல் போல மாட்டியிருக்கட்டும். கை மேலும் கீழும் ஆடும். கீல் இருக்கும் இடத்திலேயே ஸ்டியரிங் தண்டில் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் (தண்டு மடங்கினாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு). கைக்கும் சேஸுக்கும் நடுவே இரண்டு ஸ்பிரிங். ஹார்டு வேண்டாம், சாஃப்ட். சக்கரத்தைத் தரையில் அழுத்தி வைப்பதுதான் அதற்கு வேலை. எடையை முதல் ஆக்சிலும் பின்புறமும் பார்த்துக்கொள்ளும். அழுத்தம் போதவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். கீலிலிருந்து 4ஆவது ஓட்டையில் இருக்கும் ஸ்பிரிங்கை 6ஆவது ஓட்டைக்குத் தள்ளினால், சக்கரத்தில் அது இரண்டேகால் மடங்கு கடினமாகிவிடும். அதே ஸ்பிரிங், அதே கை. எட்டு ஹார்டு ஸ்பிரிங் செய்யாததை இரண்டு ஓட்டை செய்யும். அந்த இரண்டு சாஃப்ட் ஸ்பிரிங் உங்கள் வண்டியிலேயே இப்போது இருக்கிறது.

பின்பக்கத்துக்கு ஸ்பிரிங்கே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் அந்த இரட்டை ஆக்சில்களின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு தராசுக்கோல் மாதிரிச் சட்டம், நடுவில் முளை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். வண்டி கவிழாமல் நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான். ஆகவே பின்பக்கத்தையும் முன்பக்கம் போல ஒற்றை முளையில் தொங்கவிடாதீர்கள், பாடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

மோட்டார் விஷயம். பெரிய மோட்டார் எதற்கு என்று கேட்டால், ஸ்டியரிங் திணறுகிறது என்பார் விற்பவர். திணறுவது மோட்டார் சிறியதாக இருப்பதால் இல்லை. உங்கள் வண்டியில் கிங் பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் நிமிர்ந்த முளை) ஒரு இடத்தில், டயர் இரண்டு ஓட்டை தள்ளி இன்னோர் இடத்தில். திருப்பும்போது டயர் நின்ற இடத்தில் திரும்பாமல் வட்டமடிக்கிறது, மட்கார்டிலும் இடிக்கிறது. உள்ளே குழிந்த ரிம் போட்டு, கிங் பின்னை டயருக்குள்ளேயே கொண்டுபோங்கள். பாதி திணறல் போய்விடும். பெரிய மோட்டார் போட்டால் முதலில் முறுக்கிக்கொள்வது நீளமான பிளாஸ்டிக் தண்டுதான்.

இனி அந்த மனிதர். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறேன் என்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: என்ன கணக்கில் வரும்? ‘கிஃப்ட் என்று போட்டு அனுப்பச் சொல்லிவிடுவேன், டியூட்டி கிடையாது’ என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் டியூட்டி கட்டாமல் பொருள் வரவழைப்பதை 2019 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு சேர்ந்து வரும் பரிசுக்குக்கூட இல்லை. பார்சல் சிக்கினால் மாட்டுவது உங்கள் பெயரும் விலாசமும், அவருடையது இல்லை.

நேர் வழியில் வந்தாலும் சுகமில்லை. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. மற்ற வரிகள் அதன் மேல். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். மட்டமான பொம்மை வந்து குவியக் கூடாது, இங்கே தொழில் வளர வேண்டும் என்பதெல்லாம் நியாயம்தான். ஆனால் கன்டெய்னர் கன்டெய்னராக இறக்குகிறவனுக்கும் இரண்டு ஸ்பிரிங் கேட்கிற பள்ளிக்கூடப் பையனுக்கும் ஒரே சட்டத்தை வைத்தால், நடுவில் இப்படிப்பட்டவர்கள் முளைக்காமல் என்ன செய்வார்கள்?

இன்னொரு கண்ணி, நிறம். மஞ்சள் ஸ்பிரிங் என்றால் ஹார்டு என்று சொல்லி இரட்டை விலை வாங்குவார்கள். லெகோவின் ஒரு வகை ஸ்பிரிங்கில் அது உண்மை. போலிச் சரக்கில் நிறத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஒரே எடையை மாற்றி மாற்றி வைத்து, எது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துதான் வாங்க வேண்டும். கட்டைகளை எடை போட்டு விற்பவர்களிடமும் கவனம். ஒரிஜினல் என்றால் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற பெயர் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள், விற்பவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். சட்டங்கள் போலியாக இருந்தால் பரவாயில்லை. முளைகளும் ஸ்டியரிங் தண்டும் மட்டும் ஆட்டம் இல்லாததாக இருக்கட்டும்.

கண்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவர்கள் பெரும்பாலும் லைட் எரிகிறதா, சார்ட் ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் போயிருந்த ஒரு பள்ளியில் முதல் பரிசு தெர்மாகோல் அணைக்கட்டுக்குப் போனது, தண்ணீர் விட்டால் ஒழுகும். அதற்காகப் பையன் மனம் தளர வேண்டாம். அரிசிப் பையை நடுவர் கையில் கொடுத்து, அவரையே லாரியில் வைக்கச் சொல்லட்டும். சக்கரம் விரியவில்லை என்பதை அவர் கண்ணால் பார்ப்பார்.

அட்வான்ஸ் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், ஆர்டர் போட்டாகிவிட்டது என்ற பதில்தான் வரும். ஆர்டர் எண்ணையும் பணம் கட்டிய ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் இன்னும் ஆர்டரே போடவில்லை என்று வைத்துக்கொண்டு, பணத்தை இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.