இறுகிய பனியில் திரும்பும்போது வெளி ஸ்கீ வழுக்குகிறது, எட்ஜைப் (ஸ்கீயின் உலோக விளிம்பைப்) பிடிக்க வைப்பது எப்படி?

"நன்றாகத்தான் சாய்கிறேன், ஆனாலும் வழுக்குகிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். சாய்கிற விதத்தில்தான் சிக்கல் என்று தோன்றுகிறது. தலையிலிருந்து கால்வரை ஒரே கட்டையாக உள்பக்கம் சாய்ந்தால் எடை உள் ஸ்கீக்கு, அதாவது திரும்பும் பக்கத்து ஸ்கீக்குப் போய்விடும். அப்புறம் வெளி ஸ்கீ எவ்வளவு சரிந்திருந்தாலும் அதை அழுத்த எடை இல்லாததால் பனியைச் சுரண்டிக்கொண்டே நழுவும்.

சாய வேண்டியது கால்கள். கணுக்காலில் ஆரம்பியுங்கள்: பூட்ஸுக்குள் (ஸ்கீ காலணிக்குள்) வெளிக்காலின் பெருவிரல் பக்கத்தையும் உள்காலின் சுண்டுவிரல் பக்கத்தையும் அழுத்தினால் முழங்கால்கள் தானாகக் கூட வரும், இடுப்பும் உள்ளே நகரும். மேலுடம்பு மட்டும் அதோடு போகாமல் வெளி ஸ்கீக்கு மேலேயே நிற்க வேண்டும். வெளிப்பக்க விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் சதை மடிவது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். உள்தோள் விழுந்தால் எல்லாம் போச்சு.

இன்னொன்று, பின்னால் உட்காராதீர்கள். கணைக்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கீயின் முன்பாதி திருப்பத்துக்குள் நுழையவே நுழையாது.

ஸ்கீயின் நடுப்பகுதி ஒடுங்கியிருப்பதால்தான் சாய்த்து அழுத்தும்போது அது வில்லாக வளைந்து தானே திரும்புகிறது. 13 மீட்டர் திருப்ப ஆரம் என்று போட்ட ஸ்கீயை 60 டிகிரி சாய்த்தால் கணக்குப்படி அது ஏறக்குறைய பாதி ஆரத்தில் திரும்பும். அதனால் காலை முறுக்கித் திருப்பாதீர்கள். திருப்பம் தொடங்கும்போதே ஸ்கீ எட்ஜில் சாய வேண்டும், பலர் கடைசியில் அவசரமாக மிதிப்பதால்தான் ஸ்கீ தடதடவென்று துள்ளுகிறது.

பழக, சாய்வு குறைந்த இடத்தில் திருப்பம் முழுக்க உள் ஸ்கீயின் வாலைப் பனியிலிருந்து கொஞ்சம் தூக்கியே வையுங்கள். உள்பக்கம் விழப்போனால் எடை எங்கே இருந்தது என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம் நின்று உங்கள் தடத்தைத் திரும்பிப் பாருங்கள்: மெல்லிய இரண்டு கோடுகள் இருந்தால் எட்ஜ் பிடிக்கிறது, விசிறி மாதிரி அகலமாக இருந்தால் இன்னும் வழுக்குகிறது.

இவ்வளவும் செய்து பலனில்லை என்றால் கருவியைப் பாருங்கள். விரல் நகத்தை எட்ஜின் குறுக்கே மெதுவாக இழுத்தால் நகத்தூள் வர வேண்டும், வராவிட்டால் எட்ஜ் மழுங்கிவிட்டது. பூட்ஸும் ஒரு அளவு பெரியதாக இருந்தால் கணுக்கால் உள்ளேயே ஆடும், அதன் சாய்வு ஸ்கீக்கு எட்டாது. வாடகை பூட்ஸில் இது ரொம்ப சகஜம், கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.