கோடி ரூபாய்க் கேள்வியும் இருபத்தாறு பெட்டிகளும்: கேள்வி பதில்

டிவி விளையாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் எனக்கு உறுதியாகப் பதில் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டேன். 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் 'கௌன் பனேகா க்ரோர்பதி'யைத் தொடங்கியபோது பார்க்க உட்கார்ந்தவள் நான். பிறகு ஒரு நாள் அதன் மூலமான லண்டன் 'மில்லியனர்' நிகழ்ச்சியைப் பார்த்தால் அதே வட்ட மேடை, அதே விளக்கு, அதே இசை. அன்று பிடித்த ஆர்வம்தான் இது.

கோவையிலிருந்து ஒருவர்: அக்கா, கேள்வி கேட்பதும் சரியான பதிலுக்குக் காசு கொடுப்பதும் ஊரில் எல்லாரும் செய்வதுதானே. இதை வெளிநாட்டுக்காரரிடம் விலை கொடுத்து வாங்க என்ன இருக்கிறது?

நீங்கள் நினைப்பது சட்டப்படியும் ஏறக்குறைய சரி. ஹ்யூயி கிரீன் என்ற தொகுப்பாளர் பிரிட்டனில் ஒரு திறமைப் போட்டியைப் பல வருடம் நடத்தினார். அதே பெயரில், அதே பாணியில் நியூசிலாந்து ஒளிபரப்புக் கழகம் ஒன்றை நடத்தியதும் வழக்குப் போட்டார். வழக்கு, நியூசிலாந்துக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1989-ல் அவர் தோற்றார். நிகழ்ச்சியின் பொதுவான அமைப்புக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் எதை விற்கிறார்கள்? செய்து பார்த்துத் தேறிய அனுபவத்தை. தொழிலில் அதற்கு 'பைபிள்' என்றே பெயர். மேடை எப்படி, கேமரா எங்கே, கேள்விகள் எந்த வேகத்தில் கடினமாக வேண்டும், எந்த இடத்தில் விளக்கை மங்க வைக்க வேண்டும் எல்லாம் அந்தத் தடித்த கையேட்டில் இருக்கும். கூடவே பெயர், சின்னம், இசை, கணினி மென்பொருள். முதல் சில பதிவுகளுக்கு மூல நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வந்து பக்கத்தில் நிற்பதும் உண்டு.

'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' 1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐடிவி சேனலில் கிறிஸ் டாரன்ட் தொகுத்து வழங்கத் தொடங்கியது. யோசனை டேவிட் பிரிக்ஸுடையது. மைக் வைட்ஹில், ஸ்டீவன் நைட் இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஆரம்பத்தில் அதற்கு 'கேஷ் மவுண்டன்', பண மலை, என்று பெயர். கீத் ஸ்ட்ராக்கன், மேத்யூ ஸ்ட்ராக்கன் என்ற அப்பாவும் மகனும் அமைத்த இசை, கேள்விகள் பெரிதாகப் பெரிதாக அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக மேலே ஏறும். நம் காதுக்கு அது தனியாகத் தெரியாது. நெஞ்சு படபடப்பது மட்டும் தெரியும். விஜய் டிவி 2012-ல் சூர்யாவை வைத்து 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யைத் தொடங்கியபோது அந்தப் படபடப்பும் சேர்ந்துதான் வந்தது. பிறகு பிரகாஷ்ராஜும் அரவிந்த் சாமியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆள் மாறினாலும் படபடப்பு மாறவில்லை. காசு கொடுத்து வாங்குவது அதைத்தான்.

துபாயிலிருந்து ஒருவர்: 'மில்லியனர்' என்றால் பத்து லட்சம்தானே? நம் ஊரில் எப்படிக் கோடி ஆனது?

எண்ணைவிட, அந்த எண்ணைக் கேட்டவுடன் ஊர் பெருமூச்சு விடுகிறதா என்பதுதான் முக்கியம். 2000-ல் இந்தியாவில் 'லட்சாதிபதி' என்ற சொல்லின் மவுசு குறைந்திருந்தது. ஜப்பானில் பெயரை மில்லியனர் என்றே வைத்துக்கொண்டு பரிசை 1 கோடி யென்னாக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலிக் கதை. அங்கே லிரா புழங்கிய காலத்தில் 10 லட்சம் லிரா பெரிய தொகை அல்ல. அதனால் 2000-ல் 'மிலியார்தாரியோ' என்று பெயர் வைத்து 100 கோடி லிரா பரிசு அறிவித்தார்கள். யூரோ வந்ததும் 'மிலியோனாரியோ' என்று மாற்றி 10 லட்சம் யூரோ ஆக்கினார்கள். கேட்டால் சிறுத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஒரு யூரோ 1,936 லிராவுக்குச் சமம் என்பதால், பரிசு உண்மையில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது! அதையும் ரொக்கமாகக் கொடுப்பதில்லை, தங்க வில்லைகளாகக் கொடுப்பார்கள் என்பது இத்தாலிக்கே உரிய வழக்கம்.

திருச்சி பொறியியல் மாணவர்: அக்கா, சன் டிவியில் ரிஷி நடத்திய 'டீலா நோ டீலா' சின்ன வயதில் விடாமல் பார்ப்பேன். கடைசியில் இரண்டு பெட்டி மிஞ்சினால் மாற்றிக்கொள்வதுதான் லாபம், அது மான்டி ஹால் கணக்கு என்கிறான் நண்பன். சரியா?

உங்கள் நண்பர் சொல்லும் கணக்கு சரி. பொருத்திய இடம்தான் தவறு. பார்க்காதவர்களுக்கு: 26 பெட்டிகளில் வெவ்வேறு தொகைகள் ஒளிந்திருக்கும். போட்டியாளர் ஒன்றைத் தனக்கென வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திறந்துகொண்டே போவார். நடுநடுவே 'வங்கிக்காரர்' அந்தப் பெட்டிக்கு ஒரு விலை சொல்வார். ஏற்றால் 'டீல்', மறுத்தால் 'நோ டீல்'.

மான்டி ஹால் என்பவர் 1963-ல் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியின் தொகுப்பாளர். அவர் பெயரில் வழங்கும் புதிர் இது. மூன்று கதவு; ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த தொகுப்பாளர் மற்ற இரண்டில் ஆடு உள்ள ஒரு கதவைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்கிறார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மர்லின் வோஸ் சவன்ட் 1990-ல் இதைப் பத்திரிகைப் பத்தியில் எழுதியபோது, தவறு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. எழுதியவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் நிறைய. அவர் சொன்னதுதான் சரி.

இதில் உயிர்நாடி 'தெரிந்த' என்ற சொல். கார் இருக்கும் கதவை அவர் தவறியும் திறக்க மாட்டார். அதனால் அவர் திறக்காமல் விட்ட கதவில் ஒரு சேதி ஒளிந்திருக்கிறது. பெட்டி விளையாட்டில் திறப்பது யார்? நீங்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வழியில் பெரிய பரிசையே திறந்து தொலைத்திருக்கலாம். தொலைக்காதது அதிர்ஷ்டம் மட்டும்தான். ஆகவே கடைசி இரண்டு பெட்டியில் பாதிக்குப் பாதி. மாற்றினாலும் ஒன்று, மாற்றாவிட்டாலும் ஒன்று. நம்பிக்கை வரவில்லை என்றால் சீட்டுக்கட்டில் 26 சீட்டை எடுத்து நண்பரோடு ஒரு மாலை விளையாடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு நெதர்லாந்தில் பிறந்தது. லிண்டா டி மோல் தொகுத்த 'மில்யூனென்யாக்ட்' என்ற நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றாக 2002-ல் வந்தது. உச்சப் பரிசு 50 லட்சம் யூரோ. வங்கிக்காரர் சொல்லும் தொகை எப்படி வருகிறது தெரியுமா? மிச்சமிருக்கும் பெட்டிகளின் சராசரியைப் பாருங்கள். 1,000, 10,000, 1 லட்சம், 10 லட்சம் என்று நான்கு பெட்டி இருந்தால் சராசரி 2,77,750. ஆரம்பச் சுற்றுகளில் சராசரியைவிட மிகக் குறைவாகத்தான் கொடுப்பார். சுற்றுகள் போகப் போக அதை நெருங்கி வருவார். முதல் சுற்றிலேயே 'டீல்' சொல்கிறவரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

தியரியோ பழமொழியோ சொல்லாத ஒன்றைப் பொருளாதார ஆய்வாளர்கள் இதில் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் மற்ற மூவரும் நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கப் போட்டியாளர்களின் முடிவுகளை ஆராய்ந்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய தொகையைப் பறிகொடுத்தவர் அதற்குப் பிறகு இன்னும் துணிந்து ஆடுகிறார் என்பது அதில் தெரிந்தது. நெதர்லாந்துப் போட்டியாளர் ஒருவருக்கு வரிசையாகப் பெரிய பெட்டிகள் போய்விட்டன. கடைசியில் மிஞ்சியது 10 யூரோவும் 10,000 யூரோவும். சராசரியைவிட அதிகமாக, 6,000 யூரோ தருகிறேன் என்றார் வங்கிக்காரர். போட்டியாளர் மறுத்துவிட்டார். பெட்டியில் இருந்தது 10 யூரோ. விட்டதைப் பிடிக்கப் போகிற மனசு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பாரிஸிலிருந்து ஒரு அம்மா: தங்கச்சி, இங்கே பிள்ளைகள் கடல் கோட்டையில் நடக்கும் 'ஃபோர் போயார்' போட்டி நிகழ்ச்சி என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவார்கள். அந்தக் கோட்டை நிஜமா, செட்டா?

நிஜம்தான் அம்மா. பிரான்ஸின் மேற்குக் கரையில் எக்ஸ் தீவுக்கும் ஒலெரோன் தீவுக்கும் நடுவே கடலில் நிற்கிறது. நெப்போலியன் காலத்தில் தொடங்கி 1857 வாக்கில் முடித்தார்கள். அதற்குள் பீரங்கிகள் வெகுதூரம் சுடத் தொடங்கியிருந்ததால் கட்டிய வேலைக்கு அது பயன்படவே இல்லை. 1990-ல் நிகழ்ச்சி வந்த பிறகுதான் உலகம் அதைத் தெரிந்துகொண்டது. மற்ற நிகழ்ச்சிகளைப் போல இதைப் பெட்டியில் கட்டி அனுப்ப முடியாது. அதனால் ஸ்வீடன்காரர், பிரிட்டிஷ்காரர் எல்லாரும் தங்கள் போட்டியாளர்களைக் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்து படம்பிடித்துப் போனார்கள். பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால் படகில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம்.

மதுரையிலிருந்து ஒருவர்: இங்கே வந்து எடுபடாமல் போன நிகழ்ச்சி எது?

'தி வீக்கஸ்ட் லிங்க்'. 2000-ல் பிபிசியில் ஆன் ராபின்சன் முகத்தில் அடித்தாற்போல் பேசி நடத்தியது. தோற்றவரிடம் "நீங்கள்தான் பலவீனமான கண்ணி, போய் வாருங்கள்" என்று வெட்டிவிடுவார். அமெரிக்காவுக்கும் அவரே போய் நடத்தினார். இந்தியாவில் நீனா குப்தாவை வைத்து ஸ்டார் பிளஸ் 'கம்ஸோர் கடி கௌன்' என்று நடத்தியது. எடுபடவில்லை. என் கணிப்பு இது: அதே சேனலில் அமிதாப் எதிரில் உட்கார்ந்தவரை மரியாதையாகப் பேசி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பழகிய வீட்டுக்கு, வந்தவரை அவமதித்து அனுப்புவது ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்தவரை அப்படி அனுப்புவதில்லையே நாம்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அம்மா, பேரன் அமெரிக்காவில் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' காட்டினான். எழுத்து எழுத்தாகச் சொல்லித் தொடரைக் கண்டுபிடிப்பது. இதைத் தமிழில் செய்ய முடியாதா?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. நான் நோட்டுப் புத்தகத்தில் பல தடவை போட்டுப் பார்த்த விஷயம் இது.

மெர்வ் கிரிஃபின் 1975-ல் தொடங்கிய அந்த நிகழ்ச்சி 26 எழுத்தை நம்பி நிற்கிறது. மெய்யெழுத்தைச் சும்மா சொல்லலாம். உயிரெழுத்து வேண்டும் என்றால் 250 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். உயிர் ஐந்தே ஐந்து, எல்லாச் சொல்லிலும் வரும் என்பதால் அதற்கு அந்த விலை. நமக்கோ 247 எழுத்து. 'கு' என்று ஒருவர் சொல்லிப் பலகையில் 'கை' இருந்தால் ஏமாற்றம்தான். எழுத்து எழுத்தாகச் சொல்லித் தீருமா? உயிரெழுத்தும் தமிழில் பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டும்தான் தனியாக நிற்கும். விலை கொடுத்து வாங்க யாரும் வரமாட்டார்கள்.

ஆனால் வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. உயிரும் மெய்யும் சேர்ந்ததுதானே உயிர்மெய். மெய்யைச் சொன்னால் அந்த வரிசை முழுவதும் உடம்பு மட்டும் தெரியட்டும். உயிரை விலைக்கு வாங்கினால் குறி வந்து ஒட்டட்டும். 'கற்றது கைமண் அளவு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'க்' என்றால் இரண்டு கட்டத்தில் வெறும் 'க' தோன்றும். 'ஐ' வாங்கினால் இரண்டாவது 'கை' ஆகும். 'உ' வாங்கியவருக்கு 'து', 'வு' இரண்டிலும் வேலை நடக்கும். அமெரிக்க விதி அப்படியே உயிரோடு இருக்கும், விளையாட்டு தமிழாகிவிடும். பேரனோடு ஒரு கரும்பலகையில் ஆடிப் பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று அவசியம் எழுதுங்கள் ஐயா.

சேலத்திலிருந்து ஒருவர்: இவை எல்லாம் முன்பே பேசி வைத்து நடத்துவதுதானே?

ஒரு காலத்தில் நடந்தது. அமெரிக்காவில் 1956-57-ல் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் 1,29,000 டாலர் வென்று நாட்டின் செல்லப்பிள்ளை ஆனார். 1959-ல் நாடாளுமன்றக் குழு முன்னால், பதில்கள் தனக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்று ஒப்புக்கொண்டார். 1960-ல் அப்படிச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டமே வந்தது. அதன்பின் மோசடி போட்டியாளர் பக்கம் மாறியது. 2001-ல் லண்டன் மில்லியனர் நிகழ்ச்சியில் ஒரு ராணுவ மேஜர், சரியான பதிலை அவர் சொல்லும்போது அரங்கில் எழுந்த இருமலைக் கேட்டு 10 லட்சம் பவுண்டு வரை போனார். காசோலை கைக்குப் போகாமல் நிறுத்தப்பட்டது. 2003-ல் அவரும் மனைவியும் இருமியவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: ஒரு கோடி ஜெயித்தால் கைக்கு எவ்வளவு வரும்?

இந்தியாவில் 30 சதவீத வரி, அதன்மேல் கூடுதல் வரி, செஸ். வழக்கமான வருமானத்துக்குக் கிடைக்கும் அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது. 65 லட்சம் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வெல்பவருக்கு இந்தப் பிடித்தமே இல்லை.

சென்னையிலிருந்து ஒருவர்: அக்கா, இத்தனை வருடத்தில் மறக்க முடியாத காட்சி எது?

இரண்டு. 1999 நவம்பரில் அமெரிக்க மில்லியனர் நிகழ்ச்சியின் கடைசிக் கேள்வியில், வருமான வரித்துறையில் வேலை பார்த்த ஜான் கார்பென்டர் தன் அப்பாவுக்கு ஃபோன் போட்டார். உதவி கேட்க அல்ல. "அப்பா, நான் ஜெயிக்கப்போகிறேன், உங்களிடம் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்ற பொருளில் பேசிவிட்டு, சரியான பதிலைச் சொன்னார்.

இன்னொன்று 2020 ஜனவரி. அதே மில்லியனர் நிகழ்ச்சியைத் தமிழில் ராதிகா சரத்குமார் பெண்களுக்காகவே நடத்திய 'கோடீஸ்வரி'யில், காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண் ஒருவர் பதினைந்து கேள்விக்கும் சரியாகப் பதில் தந்து ஒரு கோடி வென்றார். இசையை நம்பிக் கட்டிய நிகழ்ச்சி என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த இசை ஒரு துளியும் அவர் காதில் விழவில்லை. அவர் கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.