லாயத்தில் குதிரை நிற்கிறது, ஏற மனம் வரவில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 38 வயது. சேரன்மகாதேவி பக்கம் வாழையும் நெல்லும் பார்க்கிறேன். சின்னதாக ஒரு உரக்கடையும் இருக்கிறது. வீட்டில் இரண்டு குதிரைகள். செவலை என்கிற மார்வாரிப் பெட்டையை எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கினேன். கருப்பன் அதற்குப் பிறகு வந்தவன், சாது.

சின்ன வயதில் பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனால் மண் குதிரையை விட்டு நகர மாட்டேன். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டேன். அப்படிப்பட்டவன் நான். செவலை வந்த நாளிலிருந்து விடியுமுன்னே கன்னடியன் கால்வாய்க் கரையில் பத்தமடை வரைக்கும் போய்த் திரும்புவேன். 2023 டிசம்பரில் ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோதுதான் சில நாள் விட்டுப்போனது.

லாயம் கட்டிய கடனுக்காக மூன்று வருஷமாகக் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரைகளை வாடகைக்கு விடுகிறேன். போன சித்திரையில் ஒரு மண்டபத்து வாசலில், மாப்பிள்ளை வரும் வரைக்கும் நான் செவலை மேல் உட்கார்ந்திருந்தேன். யாரோ சரவெடியைக் காலடியிலேயே கொளுத்திப் போட்டுவிட்டார்கள். அவள் இரண்டு காலில் எழும்பினாள், நான் விழுந்தேன். இடது காறை எலும்பு முறிந்தது. எட்டு வாரத்தில் கூடிவிட்டது. அது பெரிய விஷயமில்லை.

அதற்குப் பிறகு ஏறவே ஆசை வரவில்லை என்பதுதான் விஷயம். நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. லாயத்துக்குப் போய்க் கடிவாளத்தைக் கையில் எடுப்பேன். கடைக்குச் சரக்கு வரும், மோட்டார் போடணும் என்று ஏதாவது நினைப்பு வரும். திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஐந்து மாசமாக இதே கதை. தீனிக்கு மட்டும் குறை வைக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனால் செவலை என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள். அரை மணி நேரம்கூட அப்படியே நின்றுவிடுவேன். வாயில்லாச் சீவனுக்குத் துரோகம் பண்ணுகிறோமே என்று நெஞ்சை அடைக்கும்.

"ஏம்ல, ஏறாத குதிரைக்கு எதுக்குல கொள்ளு? வித்துப் போடு" என்கிறாள் அம்மா. பழைய ஆசை திரும்புமா? திரும்பும் வரைக்கும் காத்திருக்கட்டுமா, விற்றுவிடட்டுமா? குதிரையை வைத்துக் காசு வாங்க ஆரம்பித்ததுதான் தப்போ என்றும் தோன்றுகிறது.

இப்படிக்கு,
சேரன்மகாதேவி வாசகர்

ஆலோசகர் பதில்

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "அது பெரிய விஷயமில்லை" என்ற இடத்தில் இரண்டு முறையும் நின்றுவிட்டேன். குதிரை மேலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததை இரண்டு மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள். தண்ணீர்த் தொட்டியிடம் நிற்கும் அந்த ராத்திரி நேரத்தை அதைவிட நிதானமாக எழுதியிருக்கிறீர்கள். ஆசை செத்துப்போன மனிதர் ராத்திரி பத்து மணிக்கு ஒரு குதிரையின் தாடையைத் தோளில் தாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நிற்க மாட்டார், தம்பி. உங்களுக்கு ஆசை இருக்கிறது. அதன் மேல் பயம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வயதில், உங்கள் ஊரில், பயம் என்று சொல்ல வாய் வராது. சோம்பல், சலிப்பு, ஆசை விட்டுப்போச்சு என்றுதான் சொல்ல வரும்.

ஒன்று கேட்கிறேன். கடிவாளத்தைத் திரும்ப ஆணியில் மாட்டும் நொடியில் மார்பில் ஏதாவது இறங்குகிறதா? ஒரு பெருமூச்சு, ஒரு லேசு? இருந்தால், அங்கேதான் முடிச்சு. ஒன்றைத் தவிர்த்தவுடன் வரும் நிம்மதி மூளைக்கு ஒரு கூலி மாதிரி. கூலி கொடுத்த வேலையை மூளை மறுநாளும் செய்யச் சொல்லும். ஐந்து மாசமாகத் தினம் காலையில் நீங்கள் தெரியாமலேயே செய்துவந்த பயிற்சி, ஏறாமல் இருக்கும் பயிற்சி. வெறும் நாள் கணக்கில் பயம் குறையாததற்கு இதுதான் காரணம். எலும்புக்கு எட்டு வாரம் போதும். தவிர்த்துக்கொண்டே இருக்கும் பயத்துக்கு எட்டு வருஷமும் போதாது.

அதனால் ஆசை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு பீட்டர் லூயின்சன் போன்ற உளவியலாளர்கள் 1970களில் உருவாக்கிய சிகிச்சை முறை இந்த வரிசையைத்தான் திருப்பிப் போட்டது. முதலில் சின்னதாக ஒரு செயல், மனநிலை அதன் பின்னால் வரும். செயல் சின்னதாக இருப்பது முக்கியம். "நாளைக்குப் பத்தமடை வரைக்கும்" என்று தொடங்கினால் நாளைக்கும் ஆணிதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடவும் வேண்டாம். அதற்குச் செவலையின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்வீடனில் லிண்டா கீலிங் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்து 2009இல் வெளியிட்டார்கள். ஆட்கள் குதிரையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சில முறை நடத்திப் போக வேண்டும், அல்லது ஏறிப் போக வேண்டும். கடைசி முறைக்கு முன்னால், "இந்தத் தடவை குதிரை கடக்கும்போது குடையை விரிப்போம்" என்று ஆட்களிடம் சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆளின் இதயத் துடிப்பு கூடியது, கூடவே குதிரையின் துடிப்பும் கூடியது. குதிரைக்குக் குடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆளைத்தான் அது படித்தது. நீங்கள் கடிவாளத்தோடு வந்து நின்று, மாட்டிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு காலையும் செவலைக்கும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வெடியில் பயந்தது நீங்கள் மட்டுமில்லையே. அவளுக்கும் ஆற வேண்டிய காயம் உண்டு.

முதல் ஒரு வாரம், பத்து நாள், ஏறுகிற பேச்சே வேண்டாம். நாலரைக்கு முழிப்பு வருகிறதல்லவா, அந்த நேரத்திலேயே போய் உடம்பைத் தேய்த்துவிடுங்கள், குளம்பைத் தூக்கிப் பாருங்கள், பிடரியைச் சீவுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்துக் கால்வாய்க் கரையில் கொஞ்ச தூரம் கூடவே நடங்கள். அவள் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து ஒரு நாள் சேணம் பூட்டுங்கள், பூட்டிவிட்டு நடத்தியே கூட்டி வாருங்கள். இந்த நாளை நீங்கள் ஏமாற்றம் என்று நினைப்பீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான நாள். கடிவாளத்தை எடுத்தும் நிம்மதி கெடவில்லை என்று உங்கள் உடம்புக்குத் தெரிகிற முதல் நாள் அது. அதன்பின் நம்பிக்கையான ஒருவர் கயிற்றைப் பிடிக்க, மூச்சைச் சீராக வெளியே விட முடிகிற வரைக்கும் மட்டும் மேலே உட்காருங்கள். இரண்டு நிமிஷமா, இரண்டே நிமிஷம் போதும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும்போதே இறங்கிவிடுங்கள். மிச்சம் வைத்த ஆசை மறுநாள் காலையில் உங்களை எழுப்பும். கருப்பன் சாது என்கிறீர்கள், அவன் மேல் முதலில் ஏறினாலும் தப்பில்லை. மார்பு படபடத்தால் ஒரு படி கீழே வாருங்கள், ஆனால் லாயத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

இதற்கிடையில் கால்நடை மருத்துவரிடம் செவலையின் முதுகையும் கால்களையும் காட்டிவிடுங்கள். லாடம், சேணம் பொருத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து மாசம் சும்மா நின்ற குதிரைக்கு உழைக்கும் குதிரையின் தீனி ஆகாது, கொள்ளின் அளவைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். ஹெல்மெட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இது மட்டும் கெஞ்சல் இல்லை, கண்டிப்பு. அன்று முறிந்தது தோள்பட்டைப் பக்கம், அடுத்த முறை எது என்று யாருக்குத் தெரியும்?

காசு வாங்கியது தப்பா என்று கேட்டீர்கள். கடன் இருக்கிறவர் சம்பாதிப்பது தப்பே இல்லை. ஆனால் பிரியமாகச் செய்த ஒன்று கூலிக்கானதாக மாறும்போது பிரியம் மெலியலாம். 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரின் குழுவினர், படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவது குறைந்துபோனது. விடியற்காலைக் கால்வாய்க் கரையை எந்த ஊர்வலக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். செவலையை இனிக் கல்யாணங்களுக்கு அனுப்ப வேண்டாம். கருப்பனை அனுப்பினால், வெடி கிடையாது என்று முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

துரோகம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், தம்பி. நம் தாமிரபரணி கடலில் சேரும் காயலில் 13ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதையும், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளில்லாமல் அவை வீணாய் மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். ஏறாவிட்டாலும் ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் பார்க்கிற ஆள் உங்கள் குதிரைகளுக்கு இருக்கிறார். விற்பதா என்பதை மட்டும் பயத்தோடு இருக்கும்போது முடிவு செய்யாதீர்கள். தை பிறக்கட்டும். பயம் இறங்கிய பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், நல்ல கையில் ஒப்படைப்பதில் பாவம் எதுவும் இல்லை. அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். நீங்கள் விழுந்ததைக் கேட்டு அவரும் பயந்திருப்பார். "வித்துப் போடு" என்று அவர் சொல்வதில் கொள்ளு விலையைவிட மகன் மேல் உள்ள கவலைதான் எனக்குக் கேட்கிறது.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். நாலரை மணிக்கு வரும் முழிப்பு பழைய வழக்கமா, தூக்கமே சரியில்லையா? குதிரை மட்டுமின்றி வயல், கடை, வீடு, சாப்பாடு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் ருசிக்காமல் இருந்தால் இந்தக் கடிதம் போதாது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நேரில் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இலும் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சேணம் பூட்டி, ஏறாமலே நடத்திக் கூட்டி வருகிற அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். செவலை எப்படி நடந்தாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.